கப்பு ஜெயிச்சப்ப மாப்ள எங்க?

மொட்டப்பாறையில ஒச்சப்பன், தவசி, மொக்கச்சாமின்னு மூணு பேரு. உங்கள்ல யாருக்குப்பா மூளை இருக்குன்னு கேட்டா, எவன்கிட்ட குடுத்து வச்சோம்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்குவாங்க.

இதுல ஒச்சப்பன் பொண்ணு பாக்கப் போனான். பொண்ணு பவளக்கொடிக்கு அவனைப் புடிச்சிருச்சு. அவனுக்கும் புடிச்சிருச்சு, ஏன்னா காப்பியில சீனி தூக்கலா இருந்துச்சு. குறுக்க நின்னது பொண்ணோட அப்பா வீரணன். ஊரு ஒலகச் சேதி ஒண்ணு விடாம தெரிஞ்சு வச்சிருக்கிற ஆளு.

"நிலாவுல நம்ம ராக்கெட்டு எறங்குன சேதி காதுல விழுந்தப்ப, நான் சலூன்ல இருந்தேன். பாதி மீசையோட ரோட்டுக்கு ஓடியாந்தேன். நீங்க எங்க இருந்தீங்க மாப்ள?"

ராக்கெட்டு மேல போனதே தனக்குத் தெரியாதுன்னுட்டான் ஒச்சப்பன்.

வீரணன் தாம்பாளத்தை உள்ள தள்ளி வச்சிட்டாரு. நாட்டு நடப்பு தெரியாதவனுக்குப் பொண்ணு கெடையாதாம். அடுத்த பெரிய சேதி காதுல விழுறப்ப எங்க இருந்தோம்னு கரெக்டா வந்து சொன்னா தட்டு மாத்திக்கலாமாம்.

மூணு பேரும் டீக்கடையில உக்காந்து யோசிச்சாங்க.

"காதுல விழுறப்பன்னுதான சொன்னாரு?" தவசி கேட்டான். "விழுறதுன்னா மேல இருந்துதான் விழும். கீழ இருந்து எதுவும் விழுந்து நான் பாத்ததில்ல."

அதுவும் சரிதான்னு, தண்ணி டேங்கு பக்கத்துல வெட்டவெளியா பாத்து கயித்துக் கட்டிலைப் போட்டு, வலது காது வானத்தைப் பாக்குற மாதிரி ஒச்சப்பனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க. மொக்கச்சாமிக்கு மட்டும் திக்குன்னுச்சு. இவன் எதைச் சொன்னாலும் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவான்னு ஒச்சப்பனோட ஆத்தா சொல்லிக் கேட்டிருக்கான். ஒடனே கீழ்க்காதுல பஞ்சை அடைச்சு, அதுக்கு மேல பரோட்டா மாவை அப்பிட்டாங்க.

மூணு நாளு ஓடுச்சு. பெரிய சேதி ஒண்ணும் வரல. வெள்ளாட்டைக் காணோம்னு ஒரு அக்கா வந்து பொலம்புச்சு. நாளைக்குக் கரண்டு இருக்காதுன்னு மைக்குல சொன்னாங்க. இந்த மாதிரி சில்லறைச் சேதி விழுந்து காது ரொம்பிட்டா பெரிய சேதிக்கு எடம் இருக்காதுல்ல? அதனால ஒவ்வொண்ணு விழுந்ததும் கட்டிலைக் கவுத்து, ஒச்சப்பனை ஒதறி, மறுபடி படுக்க வச்சாங்க.

நாலாம் நாளு சாயந்தரம் டீக்கடை சங்கிலியண்ணன் வேட்டி அவுந்தது தெரியாம ஓடி வந்தாரு. நம்ம நாடு உலகக் கப்பு ஜெயிச்சிருச்சு. தவசி அவரை மறிச்சு, பெரிய சேதியா சின்ன சேதியான்னு வெசாரிச்சான். நாட்டுக்கே பெரிய சேதிடான்னாரு.

"அப்படின்னா மெதுவா போடுங்கண்ணே. காது சின்னது."

சங்கிலியண்ணனும் குனிஞ்சு பக்குவமா போட்டாரு. விழுந்துருச்சுன்னு ஒச்சப்பன் கண்ணைத் தொடச்சுக்கிட்டான்.

அடுத்து, எங்க இருந்தான்னு வீரணன்கிட்ட நிரூபிக்கணும். டேங்கைத் தூக்கிட்டுப் போக முடியாது. கட்டிலைத் தூக்கலாம். விடிஞ்சதும் ஆளோட தூக்கி, ஆறு கிலோமீட்டர் சுமந்து, வீரணன் வீட்டு வாசல்ல எறக்கி வச்சாங்க.

"சேதி விழுந்தப்ப மாப்ள இந்த எடத்துலதான் இருந்தாரு," மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னான் தவசி. "அப்பறம் எறங்கவே இல்ல."

வீரணன் கட்டிலைப் பாத்தாரு. வாசலைப் பாத்தாரு. "நேத்து சாயந்தரம் நானும் இதே வாசல்லதானப்பா இருந்தேன். மாப்ளயப் பாக்கலயே?"

"மாப்ள இங்க இருந்ததுக்குக் கட்டில் இருக்கு," மடக்குனான் தவசி. "நீங்க இருந்ததுக்கு என்ன இருக்கு?"

வீரணனுக்கு முகம் செத்துப் போச்சு. சம்சாரத்தைக் கூப்புட்டுக் கேட்டாரு. அடுப்படியில இருந்தேன், உங்கள நான் எங்க பாத்தேன்னுருச்சு அந்தம்மா. அவரு கட்டில் ஓரத்துலயே உக்காந்துட்டாரு.

"தட்டை இப்பவே மாத்திக்கலாம் மாப்ள," ஒச்சப்பன் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "ஆனா நான் எங்க இருந்தேன்னு தெரியாம, கல்யாணத்துல நாலு பேரு மொகத்துல எப்படி முழிப்பேன்?"

கவலைய விடுங்க, இருந்த எடத்துலதான் இருப்பீங்க, தேடிப் புடிச்சுரலாம்னு மொக்கச்சாமி தைரியம் சொன்னான்.

பவளக்கொடி தட்டு நெறைய வெத்தலை பாக்கு கொண்டாந்துச்சு. மாத்திக்கிட்டாங்க. தேடுறதுக்கு மூணு பேரும் கெளம்புனாங்க. உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது, நானும் வாரேன்னு வீரணனும் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, சம்சாரத்துக்கிட்ட சொன்னாரு:

"நாங்க போன பின்னாடி நான் வீட்டுக்கு வந்தா, வெளிய விட்றாத. காப்பி குடுத்து உக்கார வையி."