இதில் எந்த வெர்ஷன்?

ரொசாரியோவின் குருவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராகப் பாதி ஆயுளைக் கழித்தவர், மீன்பிடித் துறைமுக அலுவலகத்தில் நசீமாவிடம் கணினி வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

துறைமுக வாசலில் ஒரு மின்பலகை உண்டு. கடலில் காற்று எப்படி என்று காட்டும். அதற்கான நிரல்களை ஒன்றோடொன்று இடிக்காமல் தனித்தனியாக ஓட்ட, ஒரு சின்னக் கணினியில் கண்டெய்னர் மென்பொருள் இருந்தது. அன்று காலையிலிருந்து ஒரு நிரலும் எழுந்திருக்கவில்லை. பலகை வெறுமையாக நின்றது.

ரொசாரியோ அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். கணினியை அணைத்துப் போட்டார். வயரைக்கூட மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

சன்னல் வழியே ஒரு படகுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பலகையில ஒண்ணும் வரலையே. அப்போ காத்து இல்லதானே?"

ரொசாரியோ பதறிப்போனார். "ஐயோ, பலகைதான் ஓடல. இறங்கிராதீங்க!"

"சாயங்காலம் போணும்லா. சட்டுனு பாத்துச் சொல்லுங்க."

அந்த நேரம் நசீமா உள்ளே வந்தார்.

"மேடம், பக்கத்துத் துறைமுகத்துல இதே அமைப்பு அப்படியே ஓடுது. இங்க மட்டும் ஏன் ஓடல?"

"இதுல எந்த வெர்ஷன் இருக்கு அண்ணே?"

"கண்டெய்னர் மென்பொருளா? புதுசு. போன வாரம் நானே போட்டேன்."

"நீங்க போட்டதைச் சொல்றீங்க. நான் இருக்கிறதைக் கேட்டேன்."

ரொசாரியோவுக்குச் சுருக்கென்றது. போட்டதுதானே இருக்கும்? இருந்தாலும் வெர்ஷனைக் கேட்கும் அந்த ஒற்றை வரியைத் தட்டினார்.

பழைய எண் வந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே எண்தான்.

"இது எப்படி?"

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தேடினார். புதியது ஓரிடத்தில் பத்திரமாக இருந்தது. கணினியோடு வந்த பழையது வேறோரிடத்தில் இருந்தது. கூப்பிட்டதும் முந்திக்கொண்டு வந்து நின்றது பழையதுதான். புதியதை நம்பி நேற்று அவர் மாற்றி எழுதிய அமைப்பு அதற்குப் புரியவேயில்லை.

பழையதை நீக்கி, நிரல்களை மறுபடி ஓடவிட்டார். வாசலில் பலகை ஒளிர்ந்தது.

"பலத்த காற்று. கடலுக்குச் செல்ல வேண்டாம்." படகுக்காரர் உரக்கப் படித்தார். பிறகு வள்ளத்தைக் கரையேற்ற ஆள் கூப்பிட்டபடி ஓடினார்.

ரொசாரியோ சாய்ந்து உட்கார்ந்தார்.

நசீமா அடுத்த மேசையிலிருந்த இன்னொரு கணினியில் வெர்ஷனைக் கேட்டுத் தட்டினார்.

"மேடம், அது நேத்து நீங்க போட்டதாச்சே. நான் பக்கத்துல நின்னு பாத்தேனே!"

"ஆமா அண்ணே. நான் போட்டது எனக்குத் தெரியும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நசீமா சொன்னார். "அதுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."