கண்ணாடி மாளிகைக்குப் போன குருவி

அந்தக் காலத்தில் குருவிகளும் மனிதர்களும் ஒரே மொழிதான் பேசினார்கள். சண்டை போட்டதும் அதே மொழியில்தான். பஞ்சாபிலே பட்டியாலா என்னும் நகரத்தில் அப்படி ஒரு சண்டை முற்றிப்போய் அரசர் வரைக்கும் போயிற்று.

அந்த ஊர் கைவேலைக்குப் பெயர் போனது. ஒரு தெருவில் தோல் செருப்புக்குச் சரிகை வைத்துத் தைப்பார்கள். இன்னொரு தெருவில் பின்னலில் கட்டும் பட்டுக் குஞ்சலங்களை முறுக்குவார்கள். பெண்கள் துப்பட்டா முழுக்கப் பட்டு நூலால் பூப்போடுவார்கள். அதற்குப் புல்காரி என்று பெயர். அந்த நூல்மேல் குருவிகளுக்கு ஆசை. கூட்டுக்குள் வைத்தால் மெத்தைபோல இருக்குமே! தைக்கிறவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், திரும்பி வருவதற்குள் ஒரு பூ பாதியாகியிருக்கும்.

பிஷன் கௌர் என்பவள் மகள் கல்யாணத்துக்கென்று தைத்த புல்காரியை ஒருநாள் சபையில் விரித்துக் காட்டினாள். நடுவில் பூக்களே இல்லை. அரசர் கோபத்தோடு, "இனி மதிலுக்குள் ஒரு குருவி இருக்கக் கூடாது" என்று ஆணையிட்டுவிட்டார்.

குருவிகள் மதிலுக்கு வெளியே கருவேல மரங்களில் குடியேறின. கோடை வந்தால் புழுதிக் காற்று கூடுகளைப் பிய்த்து எறியும். தப்பிய முட்டையைக் காக்கை தின்றுவிடும்.

அந்த மரங்களில் ஒன்றில் பிறந்த குருவி நிக்கி. நகரத்தை அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய முதல் முட்டைகள் காற்றில் விழுந்து உடைந்த மறுநாள் காலை, "நான் அரசரிடம் போய்க் கேட்கப் போகிறேன்" என்றாள்.

"பிடித்து நசுக்கிவிடுவார்கள்" என்றன மற்றக் குருவிகள்.

"நசுக்கட்டும். கேட்டுவிட்டு நசுங்குகிறேன்."

கூட வர ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. நிக்கி தனியாக மதிலைத் தாண்டிப் பறந்தாள். அடேயப்பா, எத்தனை மாடங்கள், எத்தனை உத்தரங்கள்! ஒவ்வொரு வீட்டிலும் காற்று நுழையாத பொந்து ஒன்றாவது காலியாகக் கிடந்தது. இத்தனை இடத்தை வைத்துக்கொண்டா நம்மை வெளியே நிறுத்தினார்கள் என்று நினைத்தாள். பயமெல்லாம் அப்போதே போய்விட்டது.

மாளிகை வாசலில் காவலன் மறித்தான். "ஊர் வழக்கை ஒற்றை ஆளாக வந்து பேசக் கூடாது. உன் கூட்டம் எங்கே?"

"பின்னால் வருகிறது" என்று சொல்லிவிட்டு அவன் தலைப்பாகைக்கு மேலே பறந்து உள்ளே போனாள். ஒருவரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அரசர் இருந்த கூடத்தில் சுவரிலும் கூரையிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தார்கள். கண்ணாடி என்ற ஒன்றை நிக்கி கண்டதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் குருவிகள், ஆயிரம் குருவிகள், அவளையே பார்த்துக்கொண்டு நின்றன. வரமாட்டோம் என்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்!

"மகாராஜா, நாங்கள் எல்லாரும் வந்திருக்கிறோம்" என்று கணீரென்று தொடங்கினாள். "நூல் எடுத்தது தப்புதான். ஆனால் எங்கள் குஞ்சுகளுக்கு நாங்கள் ஊட்டுவது புழு. உங்கள் தோட்டத்துக் கீரையை இப்போது யார் தின்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். எங்களுக்கு உங்கள் அரண்மனை வேண்டாம். உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் போதும்."

கீரையெல்லாம் ஓட்டை ஓட்டையாக வருவது அரசருக்கும் தெரிந்ததுதான். அவர் ஓரமாகப் பார்த்தார். தைத்த துணியைக் கொடுக்க வந்த பிஷன் கௌர் அங்கே நின்றிருந்தாள்.

"நஷ்டப்பட்டவள் நீ. நீயே சொல், அம்மா."

பிஷன் கௌர் குருவி பக்கம் திரும்பினாள். "என் துணியைத் தொடக் கூடாது. வெட்டிப் போடும் நூலைக் கீழே விட்டுவைக்கிறேன், அதை எடுத்துக்கொள்ளட்டும். என் வீட்டு உத்தரத்திலேயே முதல் கூட்டைக் கட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

நிக்கி துள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். "கேட்டீர்களா? வாருங்கள், வீட்டுக்குப் போவோம்!" யாரும் வெளியே வரவில்லை. அவள் கிட்டே பறந்து போய் அலகால் தட்டினாள். உள்ளே இருந்தவளும் தட்டினாள்.

"அது நீதானடி" என்றாள் பிஷன் கௌர்.

"நான் ஒருத்திதானே? அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், பாருங்கள். எனக்காக வந்து நின்றவர்களை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?" என்று சொல்லிவிட்டு நிக்கி மறுபடியும் தட்டினாள்.

அவளுக்கு அதற்குமேல் விளக்கிச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

குருவிகள் நம் வீட்டு உத்தரத்தில் உரிமையோடு கூடு கட்டுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். கண்ணாடியைக் கண்டால் அவை ஓயாமல் கொத்துவதும் அன்று முதல்தான். குருவி கண்ணாடியோடு சண்டை போடுகிறது என்று நாம் விரட்டுகிறோம். அது உள்ளே இருப்பவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறது.