தெருமுனையில் ஒரு காதுகுத்து

வக்கீல் பூரணவல்லியிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது மாசிலாமணி பணி ஓய்வு பெற்றிருந்தார். குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சிஷ்யர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நான்கு எல்லைகளைச் சரிபார்த்தே காலம் தள்ளியவர். எதற்கும் வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இசக்கிராஜின் வழக்கு அவரை நன்றாகக் குழப்பிவிட்டது, பாவம்.

தங்கையை அடித்த மச்சான் சுடலைமுத்துவின் மண்டையை, அவன் வீட்டு வாசலிலேயே வைத்து உடைத்தவன் இசக்கிராஜ். நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டது. ஒரே நிபந்தனை, மறுபடி அடிதடி வராமலிருக்க மச்சான் குடியிருக்கும் தெருவுக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் சிறைதான்.

அந்தச் சமயத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்லாமல் எப்படிக் குத்துவது? தெருமுனை டீக்கடை பெஞ்சில் அவனை உட்காரவைத்துக் குத்தினார்கள். முடிந்ததும் பிள்ளையை அவனே வீட்டு வாசல்வரை தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் சுடலைமுத்து புகார் கொடுத்தான்.

மாசிலாமணி வரைபடத்தை விரித்தார்.

"டீக்கடை மெயின் ரோட்டுல சேர்த்தி, மேடம். அதுக்கு மேல போகவே இல்லைனு சொல்லிரலாம்."

"போனேனே சார்," என்றான் இசக்கிராஜ்.

"ஏன் போனே?" என்று கேட்டார் பூரணவல்லி.

"அழுது அழுது தோள்லயே தூங்கிட்டாம்மா. தங்கச்சி கையில மாத்துனா முழிச்சிருவாளோனு அப்படியே கொண்டுபோயிட்டேன்."

"வாசல்ல யார் வாங்குனா?"

"மச்சான்தான் கதவைத் திறந்தாரு."

பூரணவல்லி வரைபடத்தை மடித்து மாசிலாமணியின் பையிலேயே திரும்ப வைத்தார்.

நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டார்.

"தெருவுக்குள்ள போனியா?"

"போனேன் ஐயா."

மாசிலாமணி பையிலிருந்த வரைபடத்தை மறுபடி எடுக்கப் போனார். பூரணவல்லி எழுந்து சாட்சிக் கூண்டில் நின்ற சுடலைமுத்துவிடம் போனார்.

"பிள்ளையை யார்கிட்ட இருந்து வாங்குனீங்க?"

"இவர்கிட்ட இருந்துதான்."

"வாங்கும்போது பிள்ளை முழிச்சாளா?"

சுடலைமுத்து இசக்கிராஜைப் பார்த்தான்.

"இல்ல மேடம். தூங்கிட்டுதான் இருந்தா."

"வேற கேள்வி இல்லை," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார் பூரணவல்லி.

நீதிபதி இசக்கிராஜை எச்சரித்தார். பிணை அப்படியே தொடரும் என்றார்.

வெளியே வந்ததும் மாசிலாமணியால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், அவன் நிபந்தனையை மீறினானா இல்லையா?"

"மீறினான்."

"அப்புறம் எப்படி விட்டாங்க? எனக்கு ஒண்ணுமே விளங்கலை."

பூரணவல்லி கறுப்பு அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"போன தடவை ரெண்டு பேரும் அதே வாசல்ல நின்னப்போ மண்டை உடைஞ்சுது, சார். இந்தத் தடவை பிள்ளைகூட முழிக்கலை."