நெஞ்சு வாயடைத்த கதை

மீனும் பறவையும் மனிதரோடு வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மனித உடம்புக்குள் இருந்த உறுப்புகளும் பேசிக்கொண்டிருந்தன. நுரையீரல் மூச்சுக் கேட்கும். வயிறு சோறு கேட்கும். ஆனால் வெளியே கேட்கும் குரல் நெஞ்சுக்கு மட்டுமே இருந்தது. ரத்தத்தை எல்லா உறுப்புக்கும் அனுப்புவது அதுதான். திரும்பி வரும் ரத்தம், யாருக்கு என்ன குறை என்று அதனிடம் சொல்லிவிடும். நெஞ்சு அதை உரக்கச் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரன் காதிலும் விழும். யாரும் நோயை மறைக்க முடியாது. மனிதர்களுக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது. நமக்கு நல்லது செய்கிறவை எல்லாம் தொந்தரவாகத்தானே தெரியும்.

தெற்குக் கடற்கரையில் காத்தமுத்து என்று ஒருவன் சங்கு குளித்துப் பிழைத்துவந்தான். அவன் மூழ்கும்போது படகிலிருந்து கயிறு பிடிப்பவன் சடையன், காத்தமுத்துவின் மனைவி வடிவுக்குத் தம்பி. அந்தக் கரையில் மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும். அக்காள் தாலியை அவனைவிடப் பத்திரமாக யார் பார்த்துக்கொள்வார்கள்? கீழே மூச்சு முட்டினால் காத்தமுத்துவின் நெஞ்சு "இழு!" என்று கத்தும். தண்ணீரைத் துளைத்துவரும் அந்தச் சத்தம் கேட்டதும் சடையன் இழுப்பான். கயிற்றின் அசைவை அவன் கவனித்ததே இல்லை.

வடிவு முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு வலம்புரிச் சங்கில் பால் புகட்ட வேண்டும் என்று காத்தமுத்துவுக்கு ஆசை. ஆழத்தில் ஒரு பாறையிடுக்கில் வலம்புரி ஒன்றைக் கண்டும் வைத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கை எட்டுமுன் நெஞ்சு கத்திவிடும். சடையன் இழுத்துவிடுவான். மற்றப் படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

ஒருநாள் கரையில் தனியாக நின்று நெஞ்சிடம் சண்டைக்குப் போனான்.

"ஒன்னால எம் மானம் போவுது. நானாப் பேசச் சொல்லுத வரைக்கும் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"நான் பேசலன்னா நுரையீரல் படுத பாட்டை யாருய்யா சொல்லுவா?"

"எம் பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

பிள்ளை என்றதும் நெஞ்சு இளகிவிட்டது. அதற்கு எப்போதும் அந்தக் குணம் உண்டு. சத்தியம் செய்தது. காத்தமுத்து இதைச் சடையனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் கயிற்றைத் தொட மாட்டான்.

மூழ்கினான். வலக்கை சங்கைப் பற்றி அசைத்தது. இடக்கையில் கயிறு இருந்தது. சங்கு வர மறுத்தது. நுரையீரல் நெஞ்சிடம் கெஞ்சியது. மூளைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு விலா எலும்பில் முட்டி முட்டி அடித்துக்கொண்டதே தவிர, வாய் திறக்கவில்லை. தாங்க முடியாமல் போனபோது தன் வலியையெல்லாம் அருகிலிருந்த இடக்கைக்குள் இறக்கியது. இடக்கை துடித்துப்போய்க் கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்தது.

மேலே சடையன் கையில் கயிறு குலுங்கியது.

"நீரோட்டம் போல," என்றான். மறுபடியும் குலுங்கியது. "மச்சான் நெஞ்சு ஒண்ணுஞ் சொல்லலியே. எடுக்கட்டும், ஆசைப்பட்ட சங்கு."

அவனைக் குறை சொல்லி என்ன செய்ய?

கயிறு அசையாமல் நின்றபோதுதான் அவனுக்குப் பயம் வந்தது. இழுத்துப் படகில் கிடத்தினான். பிடி விடாத வலக்கையில் சங்கும் பெயர்ந்து வந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"மச்சான், என்ன செய்யுது? ஏ நெஞ்சே, நீயாவது சொல்லு!" என்று காத்தமுத்துவின் மார்பில் அடித்து அழுதான்.

நெஞ்சு, காத்தமுத்து ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தது. அவன் வாய் அசைந்தது. சொல்ல மூச்சில்லை. காத்திருந்தபடியே நெஞ்சு நின்றுபோனது.

விடுவிக்க வேண்டியவன் போய்விட்டதால் சத்தியம் வடிவு பெற்ற பிள்ளையின் மேலேயே தங்கிவிட்டது. விடுபடாத சத்தியம் எல்லா நெஞ்சுக்கும் பொது. தான் பேசினால் தகப்பனில்லாத அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சி, எந்த ஊர் நெஞ்சும் பிறகு பேசவில்லை. பிறந்த நெஞ்சுகளும் ஊமையாகவே பிறந்தன.

அந்த நாளிலிருந்துதான் மனித நெஞ்சு பேச்சில்லாமல் விலாவில் முட்டிக்கொண்டே கிடக்கிறது, அதற்குத் தாங்காமல் போகும்போது இடக்கை வலிக்கிறது, நாமும் சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.