சேவலுக்கு வந்த அரசாணை

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மகரகேது மன்னருக்குக் காலைத் தூக்கம் அதிகம். ஒரு சித்திரை நாளில் அவர் கண் விழித்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது.

"இவ்வளவு வெளிச்சமும் வீணாகிறதே" என்று வருந்தினார்.

அமைச்சர் திருமேனியார் உடனே வழி சொன்னார். "கோடை முடியும்வரை அரண்மனைக் காலை மணியை இரண்டரை நாழிகை முன்னதாக அடிக்கச் சொல்லுங்கள், அரசே. ஊரே முன்னதாக எழுந்துவிடும்."

அப்படியே ஆணை பிறந்தது. கடைகள் இருட்டில் திறந்தன. நாவிதர் ஒருவர் கை தவறிப் படைவீரன் மீசையில் பாதியை எடுத்துவிட்டார். அரண்மனைக்கே பால் நேரத்துக்கு வரவில்லை. மன்னர் காரணம் கேட்டார்.

விகடகவி சாத்தப்பன் எழுந்து, "மணிச்சத்தம் கேட்டு மாடு பால் சுரப்பதில்லை, அரசே. சேவலும் இன்னும் பழைய கணக்கில்தான் கூவுகிறது" என்றான்.

சபை சிரித்தது. திருமேனியாருக்கு முகம் சுருங்கியது. சாத்தப்பன்மேல் அவருக்கு வெகுநாள் புகைச்சல்.

"ஆணையை ஏளனம் செய்கிறார், அரசே. ஊர்ச் சேவலும் காலை மணியும் சேர்ந்து ஒலிக்க இவரே வழி செய்யட்டும். மூன்று நாளில் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

மன்னர் வேடிக்கை பார்க்க விரும்பினார். "அப்படியே ஆகட்டும். இந்த வேலையில் சாத்தப்பன் சொல்வதை எல்லோரும் கேட்க வேண்டும்" என்று முத்திரை மோதிரத்தையும் கொடுத்தார்.

இரண்டு நாள் சாத்தப்பன் ஒரு சேவல் கூண்டின் முன்னால் உட்கார்ந்து சேவலிடம் பேசிக்கொண்டிருந்தான். சோறு இறங்கவில்லை. பிறந்த ஊரை விட்டு எங்கே போவது?

அவன் மனைவி பூவாயி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள். "அதுகிட்ட என்னத்தைப் பேசுறீங்க? பேசினா கேக்குற ஆளாப் பாத்துப் பேசுங்க."

சாத்தப்பன் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் மன்னரும் அமைச்சரும் சாத்தப்பனும் மேல்மாடத்தில் காத்திருந்தார்கள். ஆணையிட்ட நேரம் கடந்தது. மணி ஒலிக்கவில்லை. திருமேனியார் மெல்லப் புன்னகைத்தார். கிழக்கு வெளுத்தது. எங்கோ ஒரு சேவல் கூவியது. அதோடு சேர்ந்து அரண்மனை மணி கணீரென்று ஒலித்தது.

"மணி தாமதம், அரசே" என்று அமைச்சர் பதறினார்.

சாத்தப்பன் வணங்கினான். "இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதே கட்டளை. எது எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சேவலிடம் கெஞ்சினேன், அதற்கு அரசாணை புரியவில்லை. மணியடிப்பவருக்குப் புரிந்தது."

மன்னருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "வெளிச்சம் வீணாகிறதே, அதற்கு என்ன வழி?" என்றார்.

"விடிந்ததும் தாங்கள் எழுந்தால் போதும், அரசே. ஒருவர் எழுவதற்காக ஊர் முழுவதையும் எழுப்ப வேண்டுமா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை அன்றே ரத்தானது. சாத்தப்பனுக்குப் பட்டும் கன்றோடு ஒரு கறவைப் பசுவும் கிடைத்தன. திருமேனியாருக்கும் ஒரு பதவி கிடைத்தது: நாள்தோறும் விடியலில் வந்து மன்னரை எழுப்பும் பதவி.