அரைக்காத அரிசி

ஒரு வீட்டில் ஒரு கீல் இருந்தது. கதவுக் கீல் இல்லை. அரியநாயகம் என்கிற பெரியவருக்கு இடது காதோரம், தாடையும் மண்டையும் சேருகிற இடத்தில் இருந்த கீல். எழுபத்தெட்டு வருஷமாக முறுக்கு, கரும்பு, நல்லி எலும்பு என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் அரைத்துத் தள்ளியது. வலப்பக்கத்துப் பற்கள் விழுந்ததும் அந்த வேலையையும் இதுதான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது.

ஒரு தீபாவளியன்று பெரியவர் தட்டையைக் கடித்தபோது கீல் ‘டக்’கென்று இடறியது. "ஐயோ!" என்று காதைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வாரத்துக்குக் கெட்டியா எதுவும் வேண்டாம். அதுக்கப்புறம் தினமும் வாயைத் திறந்து மூடிப் பழகணும், கொஞ்சம் கொஞ்சமா மெல்லணும். சும்மா விட்டீங்கன்னா இறுகிப் போயிடும்."

மகன் முத்தரசும் மருமகள் செண்பகவல்லியும் நல்லவர்கள்தான். என்ன செய்ய, டாக்டர் சொன்னதில் முதல் பாதிதான் அவர்கள் காதில் ஏறியது. அன்று முதல் சோறு, தோசை, அவியல் எல்லாம் மிக்ஸிக்குள் போயிற்று.

"உங்க வேலையை நான் பாத்துக்கறேன் அண்ணே, நீங்க ஓய்வெடுங்க," என்றது மிக்ஸி.

"ரெண்டு வாரம்தானே தம்பி, பாத்துக்கோ," என்றது கீல்.

ரெண்டு வாரம் ரெண்டு வருஷமாயிற்று.

"என்னை எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கீல் நாக்கைக் கேட்டது. "நீயாவது சொல்லேன். இந்தப் பக்கம் ரெண்டு கடைவாய்ப்பல் இன்னும் கல்லு மாதிரி நிக்குது."

"நான் பேசணும்னா நீ திறக்கணும். நீ திறந்தா ‘டக்’குங்குது. அதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு பதறிப்போய்க் கஞ்சியை இன்னும் தண்ணியாக் கரைக்குது. நான் என்னடா செய்ய?" என்றது நாக்கு.

அதனால் பெரியவர் பேச்சையும் விட்டார். பாவம், கீல் உள்ளேயே இறுகிக்கொண்டு வந்தது.

ஒருநாள் மிக்ஸி பிளேடுக்குத் தப்பிய ஒரு தேங்காய்ச் சில் கஞ்சியோடு வந்து சேர்ந்தது. நாக்கு துள்ளிக் குதித்து அதைக் கடைவாய்க்கு ஒதுக்கியது.

"வந்திருக்குடா, வந்திருக்கு! அரை!"

கீல் எம்பியது. உயிரைக் கொடுத்து எம்பியது. இம்மிகூட அசையவில்லை.

"ஐயையோ மாமா, தொண்டையில சிக்கியிருந்தா என்னாகுறது!" செண்பகவல்லி விரலை விட்டு அதை எடுத்து எறிந்தாள். மறுநாள் கஞ்சியை வடிகட்டியே கொடுத்தாள். கீலுக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஆடி மாசம் ஒரு காலையில் பெரியவர் போய்ச் சேர்ந்தார். அப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. கீல் தானாகத் தளர்ந்தது. வலியில்லை, ‘டக்’ இல்லை, வாய் அகலத் திறந்துகொண்டது.

"ஏய் நாக்கு, திறந்துட்டேன்டா! இப்பச் சொல்லு! சீக்கிரம் சொல்லு!"

நாக்கு குளிர்ந்து கிடந்தது.

"வாய் திறந்து கெடக்கு, கட்டுங்கப்பா," என்று யாரோ சொன்னார்கள். முத்தரசு வெள்ளைத் துணியால் தாடையைத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான்.

பிறகு ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். செண்பகவல்லி தேம்பித் தேம்பி அழுதுகொண்டே போட்டாள். ரெண்டு வருஷத்துக்கப்புறம் முதல்தடவையாக, அரைக்காத, முழு முழு அரிசி. மூடிய உதட்டின் மேல் உதிர்ந்து கிடந்தது.

"வந்திருக்கு," என்றது கீல். "யாராவது இந்தக் கட்டை அவிழ்த்து விடுங்களேன்."