ஹவுள் மீன்கள் காலைக் கடிப்பது ஏன்?

மீன் வாயைத் திறந்தால் பேச்சு வந்த அந்தக் காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் மீராள் நாச்சியார் என்ற செல்வச் சீமாட்டி வாழ்ந்தார். பள்ளிவாசலை ஒட்டிய தம் நிலத்தில் அவர் ஒரு குளம் வெட்டி, கல் பாவி, கெண்டை மீன்களை விட்டார். ஊரார் அதை ஹவுள் என்றனர். ஒருநாள் அவர்களையே சாட்சியாக நிறுத்தி நாச்சியார் அறிவித்தார்:

“தொழ வருவோர் முகம், கை, கால் கழுவி ஒளு செய்வதற்காக இந்த ஹவுளை இறைவனுக்கு வக்ஃபு செய்தேன். இனி இதை விற்கவும், பரிசளிக்கவும், வாரிசாகப் பெறவும் எவருக்கும் உரிமையில்லை. எனக்கும் இல்லை.”

அதைப் பராமரிக்கும் முத்தவல்லியாக உதுமான் லெப்பை பொறுப்பேற்றார்.

காற்றுக்காலம் வந்தது. படகுகள் கடலுக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, நாச்சியாரின் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார், வெள்ளிக்கிழமை விருந்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினர். மீன் இல்லாததை விருந்தென்றே மதிக்காத ஊர் அது. நாச்சியார் வலையும் அண்டாவுமாக ஆட்களோடு கரைக்கு வந்தார்.

“வலை எதற்கு ராத்தா?” என்றார் லெப்பை.

“தலைப்பாகை கட்டவா கொண்டுவந்தேன்? மீன் பிடிக்கத்தான்.”

“ஹவுளைத்தான் கொடுத்துவிட்டீர்களே.”

“ஹவுளைக் கொடுத்தேன். மீனைக் கொடுத்ததாக ஒரு வார்த்தை சொன்னேனா?”

லெப்பை தாடியைத் தடவினார். வக்ஃபு செய்யும்போது இட்ட நிபந்தனை செல்லும். பிறகு நினைத்துக்கொண்டது செல்லாது. அதை அவர் அறிவார். மீன் எந்தப் பக்கம் சேரும் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

வலையில் அகப்பட்ட கிழட்டுக் கெண்டை தலையை நீட்டியது. “நாங்கள் ஹவுளைச் சேர்ந்தவர்கள், நாச்சியார். குழம்பைச் சேர்ந்தவர்கள் அல்ல.”

“சும்மா தின்று கொழுத்த உனக்கு வாய் வேறா?”

“சும்மாவா? எங்களை எடுத்துப் பாருங்கள். எங்கள் வேலை தெரியும்.”

“எடுக்கத்தானே வந்திருக்கிறேன்” என்ற நாச்சியார், ஒரு மீன் விடாமல் அண்டாவில் அள்ளிக்கொண்டு போனார். விருந்துவரை உயிரோடு இருக்கட்டும் என்று நல்ல நீரும் ஊற்றிவைத்தார்.

தின்ன ஆளில்லாத ஹவுளில் பாசி படர்ந்தது, கொசுப்புழு நெளிந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தந்தை ஒளு செய்து நிமிர்ந்தபோது, அவர் வெண்தாடி பச்சைத்தாடியாகி இருந்தது. அவர் தம்பியோ படியில் வழுக்கி, சட்டையோடு முழுகி எழுந்தார்.

“சம்பந்தியம்மா முகம் கழுவ நீர் கொடுத்தார் என்றார்கள். சாயம் அல்லவா கொடுத்திருக்கிறார்” என்றார் பெரியவர். பள்ளிவாசலே சிரித்தது.

தொழுகை முடிந்ததும் லெப்பை நாச்சியாரின் அடுப்படிக்கு விரைந்தார். அங்கே எண்ணெய் காய்ந்திருந்தது. நாச்சியாரின் காலடியில் அரிவாள்மணை, கையில் கிழட்டுக் கெண்டை.

“நில்லுங்கள் ராத்தா. ஒளுவுக்குத் தகுந்த நீரைத்தானே கொடுத்தீர்கள்? அதைத் தகுந்ததாக வைத்திருப்பவை இந்த மீன்கள். ஆகவே இவையும் வக்ஃபில் சேர்ந்தவை. அப்படியும் வேண்டுமென்றால், உரிமையாளன் இறைவன், அவனிடம் கேளுங்கள்.”

“சீக்கிரம் கேளுங்கள், எனக்கு மூச்சு முட்டுகிறது” என்றது கெண்டை.

நாச்சியார் கர்வக்காரர், ஆனால் நீதி தவறாதவர். “கொடுத்தது கொடுத்ததுதான்” என்று அதை அண்டாவில் விட்டு, அண்டாவைத் தூக்கச் சொன்னார்.

விருந்தில் கத்தரிக்காய்தான் வந்தது. நாச்சியார் காரணத்தை மறைக்காமல் சொன்னார். பெரியவர் இன்னொரு முறை சோறு வாங்கிக்கொண்டு, “மாப்பிள்ளைக்கு முன்னால் வக்ஃபை நினைக்கும் வீடு. என் மகன் இங்கே ஒழுங்காகத்தான் இருந்தாக வேண்டும்” என்றார்.

ஹவுளுக்குத் திரும்பிய கெண்டை தன் இனத்தைக் கூட்டியது. “நாச்சியார் திருந்திவிட்டார். அடுத்து வருபவர் எப்படியோ? இனி ஒவ்வொருவரையும் நாமே விசாரிப்போம்.”

அந்த வெள்ளிக்கிழமை முதல்தான் ஹவுள் மீனை எவரும் பிடிப்பதில்லை. மீன்கள் மட்டும், நீரில் கால் வைத்தவரின் விரலைக் கூட்டமாக வந்து கவ்விப் பார்க்கின்றன: இவர் வந்தது ஒளுவுக்கா, குழம்புக்கா என்று.